வந்த குப்பை கிளம்பவில்லையா? கடலோரக் குப்பை மாற்று நிலையத்தில் கோளாறு கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்குச் சுமார் 55 கிலோமீட்டர். தெருத்தெருவாகப் போய்க் குப்பை வாங்கும் குட்டி யானையில் அரை டன், மிஞ்சினால் முக்கால் டன் ஏறும். உதாரணத்துக்கு, அவ்வளவு குப்பையைக் கொட்டிவிட்டு வர அந்த வண்டி 110 கிலோமீட்டர் ஓடினால், அன்றைக்கு மறுபடி தெருவுக்குள் வராது. பேட்டரி வண்டியால் அவ்வளவு தூரம் போகவே முடியாது. அதனால்தான் ஊருக்குப் பக்கத்தில் ஓர் இடம் வைத்து, சின்ன வண்டிகள் அங்கே கொட்ட, பெரிய வண்டி ஒரே நடையில் மொத்தமாக எடுத்துப் போகிறது. குப்பை மாற்று நிலையத்தின் வேலை அவ்வளவுதான். திடக்கழிவு மேலாண்மை விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. கூடவே, மூடிய வண்டியில் அல்லது கன்டெய்னரில் கொண்டுபோக வேண்டும் என்கின்றன.

வாங்க வேண்டும், மாற்ற வேண்டும், அனுப்ப வேண்டும். இந்தக் கரையில் நான் பார்த்த கோளாறுகளில் முக்கால்வாசி, அனுப்பாமல் தங்கிய குப்பையால் வந்தவை. மீதி பெரும்பாலும் தண்ணீரால் வந்தவை. அதனால் என்ன புகார் வந்தாலும் முதலில் வாசல் நோட்டை எடுங்கள். எந்தப் பகுதி வண்டி, எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு எடை, கன்டெய்னர் எத்தனை மணிக்கு வெளியே போனது: இந்த நான்கும் அதில் இருக்க வேண்டும். நோட்டு இல்லையென்றால் இன்றைக்கே ஆரம்பியுங்கள். ஒரு வாரம் எழுதினாலே கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு அதில் பதில் கிடைத்துவிடும்.

நாற்றம் அடிக்கிறது

"நாறுது" என்று மட்டும் சொன்னால் வைத்தியம் பார்க்க முடியாது. என்ன மாதிரி நாற்றம், எந்த நேரத்தில் என்று கேளுங்கள்.

காலையில் கதவைத் திறந்ததும் புளித்த மாவு மாதிரி அடித்தால், நேற்றைய ஈரக் குப்பை ராத்திரி உள்ளேயே இருந்திருக்கிறது. நோட்டைப் பாருங்கள். கடைசி வண்டி மாலை நான்கு மணிக்குக் கொட்டி, பெரிய வண்டி மூன்றரைக்கே கிளம்பியிருந்தால் விஷயம் அதுதான். மருந்து அடிப்பதால் ஒன்றும் ஆகாது. பெரிய வண்டியின் கடைசி நடையை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், அல்லது மதியத்துக்கு மேல் வரும் ஓட்டல் குப்பையைத் தரையில் கொட்டவிடாமல் நேராக உரக் கூடத்துக்கு அனுப்புங்கள்.

மீன் கவுச்சி என்றால் கிழமையைப் பாருங்கள். ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்பும். செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் மீன் கழிவு, இறால் தலை, நண்டு ஓடு எல்லாம் சேர்ந்து வரும். அந்த மூன்று நாளும் மீன் கழிவுக்குத் தனி வண்டி, மூடி உள்ள டிரம். டிரம்மின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தென்னை நார்த் தூளைப் போட்டுவிட்டால் தண்ணீரை அது குடித்துக்கொள்ளும். மீன் கழிவு உங்கள் தரையைத் தொடவே கூடாது. தொட்டுவிட்டால் அந்தக் கவுச்சி சிமென்ட் தரையின் விரிசலில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகு போகாது. அப்போதும் கவுச்சி அதே அளவுக்கு அடித்தால் துறைமுகத்தைக் குறை சொல்லாதீர்கள். அது உங்கள் வாய்க்காலிலிருந்து வருகிறது.

அழுகிய முட்டை நாற்றம் என்றால் சம்ப், அதாவது குப்பையிலிருந்து வடியும் கசிவுநீர் சேரும் தொட்டி. அதற்குக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். அதைப் படிக்காமல் மூடியைத் திறக்க வேண்டாம்.

பிளீச்சிங் பவுடரை மூட்டை மூட்டையாகக் கொட்டும் பழக்கம் நம் ஊர்களில் நிறைய. குப்பையிலிருந்து வடியும் புது கசிவுநீர் புளிப்பானது, அதாவது அமிலத் தன்மை உள்ளது. அதன் மேல் பிளீச்சிங் பவுடர் பட்டால் குளோரின் வாயு வரும். கண் எரியும், மூச்சு முட்டும். அடைத்த கொட்டகைக்குள் இது ஆபத்து. முதலில் மண்வெட்டியால் வழித்து, தேய்த்து, தரை தெரிந்த பிறகு சுண்ணாம்புத் தூளை மெல்லிசாகத் தூவினால் போதும்.

ஈ மொய்க்கிறது

ஒரு நிலையத்தில் தினமும் குப்பை ஒழுங்காகப் போனது, தரையும் சுத்தமாக இருந்தது. ஆனாலும் டீ டம்ளரில் ஈ விழுந்தது. மருந்து அடித்தோம், இரண்டு நாளில் மறுபடி வந்தது. அங்கே கூட்டுகிற அக்கா ஒருவர், வாய்க்கால் மேலிருந்த கம்பி மூடியைத் துடைப்பக் கட்டையால் நெம்பிக் காட்டினார். மூடியின் அடியில் வாழை இலைத் துணுக்கும் சோற்றுப் பருக்கையும் விரல் தடிமனுக்கு அப்பியிருந்தன. அதற்குள் வெள்ளைப் புழு நெளிந்தது. ஒன்றை விரலால் தள்ளி, "இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல தம்பி. இந்த அளவுக்குத் தடிக்கணும்னா நாலு நாளாச்சும் ஆயிருக்கும்" என்றார்.

அவர் சொன்னது சரியான கணக்கு. நம் வெயிலுக்கு ஈயின் முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும். புழு நான்கைந்து நாள் தின்னும். பிறகு பழுப்பு நிறக் கூட்டுப்புழுவாகிக் காய்ந்த மூலைக்குப் போய்விடும். ஒரு வாரம், பத்து நாளில் ஈ. ஆகவே இன்று வந்து இன்றே போகும் குப்பையிலிருந்து ஈ பிறக்க முடியாது. ஈ பிறக்கிறதென்றால் ஏதோ ஒரு பிடி குப்பை நான்கு நாளாகப் போகாமல் எங்கோ இருக்கிறது. மருந்துக்கு முன்னால் அந்த இடத்தைத் தேடுங்கள். கம்பி மூடியின் அடி, கன்டெய்னர் கதவின் ரப்பர் பட்டைக்கு உள்பக்கம், கொட்டும் மேடையின் விளிம்பு, எடை மேடைக்குக் கீழே உள்ள பள்ளம், ஜேசிபி பக்கெட்டின் பல் இடுக்கு. வெள்ளைப் புழு கிடந்தால் வாரத்தில் இரண்டு முறை சுத்தம் செய்யுங்கள். பழுப்புக் கூடு கிடந்தால் அந்த இடத்தில் ஒரு வாரமாகக் கை படவில்லை என்று அர்த்தம். யார் பொறுப்பு என்று சத்தம் போடாமல், அந்த இடத்துக்கு ஒரு கிழமையும் ஓர் ஆளும் எழுதிப் போடுங்கள்.

கொட்டகைக்கு வெளியே கிடக்கும் இளநீர்க் குடுக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் ஈ வராது, கொசு வரும். வெட்டிய இளநீரை வாய் கீழே பார்க்கக் கவிழ்த்துப் போடச் சொல்லுங்கள்.

சம்ப் நிரம்பி வழிகிறது, அல்லது தானாகக் குறைகிறது

முதலில் ஒரு விஷயம். சம்ப்புக்குள் ஆளை இறக்காதீர்கள். மோட்டார் அடைத்துக்கொண்டாலும், செருப்பு விழுந்தாலும், இரண்டு நிமிட வேலைதான் என்று யார் சொன்னாலும் இறக்காதீர்கள். தேங்கிய கசிவுநீரிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப் போகும். நாற்றம் நின்றுவிட்டதென்று நினைத்து மனிதன் இறங்குவான். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கும் அடுத்தவரும் விழுவார். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. நீங்கள் சம்ப்பையும் அப்படியே நடத்துங்கள். திட்டம் போடும்போதே மோட்டாரைச் சங்கிலியில் கட்டி, மேலே நின்றபடியே தூக்கும்படி வைத்தால் இறங்கும் தேவையே வராது. இதற்கு ஒரு குழாய்ச் சட்டகமும் ஒரு சங்கிலிக் கப்பியும் ஆகும். ஓர் உயிருக்கு முன்னால் அந்தச் செலவைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

சரி, நிரம்பி வழிவதைப் பார்ப்போம். மழைக்காலத்தில் மட்டும் வழிகிறதென்றால் மழைத் தண்ணீரும் குப்பைத் தண்ணீரும் ஒன்றாகச் சேர்கின்றன. கூரை இல்லாத முற்றம் 500 சதுர மீட்டர் என்று வையுங்கள். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். பல இடங்களில் சம்ப்பின் முழுக் கொள்ளளவே அதுதான். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே ராத்திரியில் 50 மில்லிமீட்டர் பெய்வது இங்கே அதிசயமில்லை. அது 25,000 லிட்டர். எவ்வளவு பெரிய சம்ப் கட்டினாலும் இதைப் பிடிக்க முடியாது. கொட்டும் தளத்துக்கு மட்டும் கூரை போட்டு, சுற்றி அரை அடி உயரத்துக்குத் திண்டு கட்டி, வண்டி நுழையும் இடத்தில் அந்தத் திண்டைச் சரிவாக்கி விடுங்கள். கூரைத் தண்ணீர் தனி வாய்க்காலில் போகட்டும். அதை ஒரு தொட்டியில் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது. ஏன் என்று துரு பற்றிச் சொல்லும்போது வரும்.

மழையே இல்லாமல் மட்டம் ஏறினால்? கடலோர மணல் பூமியில் நிலத்தடி நீர் மேலேயே கிடக்கும். சம்ப் சுவரில் ஒரு விரிசல் இருந்தால் அது உள்ளே வரும். சாயங்காலம் மோட்டாரை நிறுத்திவிட்டு, மட்டம் இருக்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். காலையில் கோடு மூழ்கியிருந்தால் தண்ணீர் உள்ளே வருகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறும் நாட்களில் இது கூடுதலாகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் விஷயம் மோசம். கசிவுநீர் மணலுக்குள் போகிறது. பக்கத்து ஊற்றில் குடத்தை வைத்துக் காத்திருந்து தண்ணீர் மொண்டுகொண்டு போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கே சம்ப்பைக் காலி செய்து, கசிவுநீர் வருவதை டிரம்மில் பிடித்து, விரிசலை அடைத்து, தண்ணீர் ஊற்றி 24 மணி நேரம் மட்டம் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் மறுபடி பயன்படுத்த வேண்டும்.

பிளாஸ்டிக் தொட்டியைப் புதைத்துச் சம்ப்பாக வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நிலத்தடி நீர் ஏறியிருக்கும் நேரத்தில் தொட்டியை முழுக்கக் காலி செய்தால் அது படகு மாதிரி மிதந்து மேலே வந்துவிடும், குழாயெல்லாம் பிய்ந்துபோகும். மழைக்காலத்தில் போதுமான அளவு தண்ணீர் உள்ளே இருக்கட்டும். அடுத்த முறை சிமென்ட் தொட்டியாகவே கட்டுங்கள்.

பை பறந்து கடலுக்குப் போகிறது

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் பக்கம் வரை 21 தீவுகள். 1986-இல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பாம்பன் குந்துகாலில் நின்றால் குருசடைத் தீவு கண்ணுக்கெதிரே தெரியும். நம் வளாகத்திலிருந்து பறந்த ஒரு கேரி பை போய்ப் பவளப்பாறையில் சிக்கினால் அதை யாரும் எடுத்து வர முடியாது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை உண்டு. வெளியூரிலிருந்து தீர்த்தமாட வருகிறவர்கள் கையோடு கொண்டுவருவது இன்னும் நிற்கவில்லை. அதனால் இந்த ஒரு கோளாறை மட்டும் நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள்.

எந்த மாதத்தில் பறக்கிறது என்று பாருங்கள். வைகாசி முதல் ஆவணி வரை என்றால் கச்சான் காற்று, தென்மேற்கிலிருந்து வீசுவது. ஐப்பசிக்குப் பிறகு என்றால் வாடைக் காற்று, வடகிழக்கிலிருந்து. இரண்டும் ஒரே கோட்டின் இரண்டு முனைகள். கொட்டகையின் திறந்த வாய் அந்தக் கோட்டில் இருந்தால் வருஷத்தில் பாதி நாள் காற்று உள்ளே புகுந்து வாரிக்கொண்டு போகும். வடமேற்கு அல்லது தென்கிழக்கு பார்த்து வாசல் வைத்தால் இரண்டு காற்றுக்கும் பக்கச் சுவரைக் காட்டலாம். மண்டபம் ஊர் மாதிரி இரண்டு பக்கமும் கடல் இருக்கும் இடத்தில் இதைக் கட்டும்போதே பார்த்துவிட வேண்டும். ஏற்கெனவே தப்பாகக் கட்டியிருந்தால் காற்று வரும் பக்கம் தகரத் தடுப்பும், போகும் பக்கம் வலையும் போடுங்கள்.

வலைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. கழித்துப் போட்ட நைலான் வலை நம் கரையில் எங்கும் கிடைக்கும். இரண்டு ஆள் உயரத்துக்குக் கட்டி, அடியை மண்ணில் ஒரு சாண் புதைக்க வேண்டும். பை தரையோடு உருண்டுதான் முதலில் தப்பிக்கும். தினமும் மாலை வலையில் ஒட்டியதை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் வலை பாய் மாதிரி காற்றைப் பிடித்துக் கம்பத்தைச் சாய்த்துவிடும். வெயிலில் இற்றுப்போன வலையை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அந்த இழைகளே கடலுக்குப் போகும்.

தார்ப்பாய் இல்லாமல் ஒரு வண்டியும் வாசலைத் தாண்டக் கூடாது. உள்ளே வரும் வண்டிக்கும் இது பொருந்தும். ரோட்டில் பறப்பதில் பெரும்பகுதி குட்டி யானையின் மேல் குவிந்திருப்பதுதான்.

வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன

இங்கே கணக்கு சுலபம். ஒரு வண்டி பின்னால் எடுத்து, கொட்டி, வெளியே போக ஆறு நிமிடம் என்றால் ஒரு மேடையில் மணிக்கு பத்து வண்டி. எல்லாப் பகுதியிலும் காலை ஆறு மணிக்கு வேலை ஆரம்பித்து, 24 வண்டிகளும் ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் நடுவில் வந்தால் கடைசி வண்டி கொட்டி முடிக்க 11:54 ஆகும். அந்த வண்டியில் வந்த பெண்கள் வெயிலில் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் குப்பை மேல் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாவது மேடை கட்டலாம்தான். அதற்கு முன்னால், பாதிப் பகுதிகளின் முதல் நடையை எட்டரைக்கு வரச் சொல்லிப் பாருங்கள். செலவில்லாமல் வரிசை பாதியாகும். காத்திருக்கும் இடத்தில் நிழலும் தண்ணீர்ப் பானையும் வையுங்கள், வரிசை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

வரிசைக்கு இன்னொரு காரணம், கன்டெய்னர் நிரம்பி மாற்றுக் கன்டெய்னர் வராதது. அங்கே பெரும்பாலும் தப்பு திட்டத்தில் இருக்கும்: டன்னை மட்டும் பார்த்திருப்பார்கள், கன அளவைப் பார்த்திருக்க மாட்டார்கள். பிரிக்காத குப்பை ஒரு கன மீட்டருக்கு 350 கிலோ என்று வைத்தால் 14 கன மீட்டர் கன்டெய்னரில் ஐந்து டன் ஏறும். பாட்டிலும் கவரும் மட்டும் என்றால் அதே கன்டெய்னரில் ஒரு டன்தான். ஊர் நன்றாகப் பிரித்துத் தர ஆரம்பித்தால் எடை குறையும், ஆனால் பெரிய வண்டியின் நடை குறையாது. குப்பையை அமுக்கும் மெஷினான காம்பாக்டர் உதவுவது இந்த உலர் குப்பைக்குத்தான். ஈரக் குப்பையை அமுக்கினால் இடம் அவ்வளவாகக் குறையாது, தண்ணீர்தான் பிழிந்து ஓடும். என் கருத்து இதுதான்: இந்த அளவு ஊர்களில் மக்கும் குப்பை மாற்று நிலையத்துக்கே வரக் கூடாது. பக்கத்து நுண் உரக் கூடத்தில் நின்றுவிட வேண்டும்.

காம்பாக்டர் இறுகி நின்றுவிட்டது

அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியை அங்கேயே விட்டுப் போகும் வழக்கம் தெரிந்ததுதான். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசைக்கு மறுநாள் அந்த ஈரத்துணி டன் கணக்கில் வரும். சேலை ஒன்று தள்ளும் தகட்டின் ஓரத்தில் சிக்கினால் அடுத்தடுத்த சேலைகள் அதைப் பிடித்துக்கொண்டு கயிறாக முறுக்கிக்கொள்ளும். மெஷின் முக்குகிற சத்தம் வந்ததும் நிறுத்துங்கள். பட்டனை அணைத்தால் போதாது; மெயினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஹைட்ராலிக் அழுத்தத்தை இறக்கிய பிறகு கொக்கியால் வெட்டி எடுங்கள். யாரோ தெரியாமல் பட்டனைத் தட்டிக் கை போன கதை இந்தத் தொழிலில் எல்லா ஊரிலும் உண்டு.

துணியை மெஷினுக்கே காட்டக் கூடாது. அமாவாசைக்குத் தனி டிராக்டர், தனி மூலை, கம்பிக் கொடி. உப்புத் தண்ணீர் வடிந்து காய்ந்தால் எடை குறையும், துடைக்கும் துணிக்கு எடுக்கிறவர்களும் வாங்குவார்கள். மீன் வலையும் கயிறும் இப்படித்தான். தடைக்காலத்தில் படகு பழுது பார்க்கும்போது கிழிந்த வலை, பெயின்ட் டப்பா, ஃபைபர் துண்டு, கழிவு ஆயில் எல்லாம் சேர்ந்து வரும். அந்த இரண்டு மாதத்துக்கு வாசலிலேயே ஓர் ஆள் பிரித்து வாங்கட்டும்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் துரு

உப்புக் காற்று, புளித்த கசிவுநீர் இரண்டும் சேர்ந்தால் இரும்பு தாங்காது. ஆனால் மூன்றாவதாக ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்? நம் மாவட்டத்தில் பல இடங்களில் போர்த் தண்ணீரே உப்பு. அதில் தினமும் கன்டெய்னரைக் கழுவுவது, தினமும் உப்பு பூசுவது மாதிரி. குடிக்கவே தண்ணீர் பற்றாத ஊரில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள் என்று சொல்லவும் மனசு வராது. வழி என்னவென்றால் தண்ணீரையே குறைக்க வேண்டும். முதலில் வழித்து, அப்புறம் ரப்பர் வைப்பரால் தள்ளி, கடைசியில் இரண்டு வாளி நல்ல தண்ணீர். மேலே சொன்ன கூரைத் தண்ணீர்த் தொட்டி இதற்குத்தான். கசிவுநீரும் குறையும்.

ஹைட்ராலிக் சிலிண்டரின் பளபளப்பான தண்டைத் தடவிப் பாருங்கள். மணல் மாதிரி நறநறவென்று இருந்தால் குரோம் பூச்சில் குழி விழுந்துவிட்டது. அது ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் ஆயில் சீலை அறுக்கும். ராத்திரி நிறுத்தும்போது தண்டு உள்ளே இழுத்த நிலையில் இருக்கட்டும். வெளியே நிற்கும் பகுதிக்குக் கிரீஸ் தடவுங்கள். கதவு ரப்பர் பட்டை கிழிந்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள், ஏனென்றால் அதன் வழியாக ஒழுகுவதுதான் ரோட்டில் கோடு போடுகிறது.

எடை தப்பாகக் காட்டுகிறது

காலியாக இருக்கும்போதும் எண் ஆடினால் மேடைக்குக் கீழே மணலோ குப்பையோ முட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது கேபிள் சேரும் பெட்டிக்குள் ஈரம். ஒரே வண்டியை மேடையின் முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று நிறுத்தி எடை பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் மாறினால் அந்த மூலையில் எடையை உணரும் லோடு செல்லில் கோளாறு. எல்லா இடத்திலும் ஒரே அளவு கூடவோ குறையவோ இருந்தால் மெஷினை முத்திரையிடுகிறவர்களை அழைத்துச் சரிபார்க்க வேண்டும். எடை மேடைக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும்.

புகை வருகிறது

மேலே தண்ணீர் ஊற்றாதீர்கள். புகை உள்ளே இருந்து வருகிறது. மேலே ஊற்றினால் ஓடிப் போகும். ஜேசிபியால் அந்தக் குவியலை இழுத்து வெளியே கொண்டுபோய், பரப்பி, பிறகு நனையுங்கள். இதற்காகவே கொட்டகையிலிருந்து தள்ளி ஒரு மணல் திட்டை எப்போதும் காலியாக வைத்திருங்கள். வண்டி உள்ளே வரும்போதே புகைந்தால் அந்தத் திட்டிலேயே கொட்டட்டும். அணைந்த பிறகு எதிலிருந்து பிடித்தது என்று கிளறிப் பாருங்கள். ஓட்டல் அடுப்புச் சாம்பல், யாகசாலைக் கரி, லைட்டர், செல்போன் பேட்டரி, பவர் பேங்க் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பேட்டரி என்றால் அணைந்த மாதிரி தெரிந்து மறுபடி பிடிக்கும். மணலில் தனியாகப் போட்டு ஒரு நாள் முழுக்கக் கண் வையுங்கள்.

பருந்தும் காக்கையும் கூட்டமாக வட்டமிடுகின்றன

தரை திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். கூரையும் வலைத் தடுப்பும் போட்டு, குப்பை தரையில் இருக்கும் நேரத்தைக் குறைத்தால் போய்விடும். உச்சிப்புளி பக்கம் கடற்படை விமான தளம் இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் இடம் தேடுகிறவர்கள் பறவைப் பிரச்சினையை முதலிலேயே அவர்களிடம் பேசிவிட வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் ஊர்க் குப்பையைக் கொட்டுவதற்கே தடை உண்டு என்பதால் உயர் அலைக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் இடம் பார்க்கும்போதே அளந்துவிடுங்கள்.

ஊர்க்காரர்கள் வாசலை மறிக்கிறார்கள்

போலீசுக்குப் போன் செய்யும் முன் அவர்களோடு ரோட்டில் ஒரு கிலோமீட்டர் நடந்து போங்கள். நான் அப்படிப் போனபோது ஒரு பெரியவர் பேசவே இல்லை, தார் ரோட்டில் கறுத்துக் கிடந்த கோட்டைக் கைத்தடியால் தொட்டுக் காட்டிக்கொண்டே வந்தார். கோடு பள்ளிக்கூட வாசல் வழியாகப் போனது. வேகத்தடை இருந்த இடத்தில் குட்டையாகத் தேங்கியிருந்தது. எங்கள் கொட்டகைக்குள் எல்லாம் சுத்தம் என்று காட்டுவதற்கு நான் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். அதைச் சட்டைப் பையிலிருந்து எடுக்க மனசு வரவில்லை.

மறியலில் நிற்பவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. அந்தக் கோட்டுக்கு மூன்று விஷயம் பார்க்க வேண்டும். கன்டெய்னர் கதவு ரப்பர், வண்டியின் கீழே கசிவுநீர் பிடிக்கும் பெட்டியின் குழாய் மூடி, ஏற்றிய பிறகு வடிய விடும் நேரம். ஏற்றி முடித்து, வளாகத்துக்குள்ளேயே சாய்ந்த இடத்தில் பத்து நிமிடம் நிறுத்தி, வடிந்ததைச் சம்ப்புக்கு விட்ட பிறகு வெளியே அனுப்புங்கள். பள்ளி விடும் நேரத்தில் பெரிய வண்டி போகக் கூடாது. வாசல் நோட்டை யார் கேட்டாலும் காட்டுங்கள். மறித்தவர்களில் ஒருவரிடம், கோடு தெரிந்தால் உடனே கூப்பிடச் சொல்லி உங்கள் நம்பரைக் கொடுங்கள்.

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள்

1 அல்லது 2-ஆம் எண் கூண்டு என்றால் பெரிய வண்டிக்கு டீசல் நிரப்பி, மறுநாள் நடையையும் அன்றைக்கே அடித்துவிடுங்கள். 3-ஆம் எண் ஏறியதும் தரை காலியாக வேண்டும். புயல் நேரத்தில் பாம்பன் பாலத்தில் போக்குவரத்து நின்றால் தீவுக்குள் இருக்கும் குப்பை தீவுக்குள்தான் இருக்கும். அதனால் ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்து நிலையங்களுக்கு இரண்டு நாள் குப்பை தாங்கும் மூடிய காலி கன்டெய்னர்கள் கையிருப்பில் வேண்டும். மூடிகளைக் கயிறு போட்டுக் கட்டுங்கள். காலி டிரம்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுங்கள். மின் பலகையின் மெயினை இறக்குங்கள். ஆட்களை வீட்டுக்கு அனுப்புங்கள்; குப்பைக்குக் காவல் தேவையில்லை.

காற்று நின்ற பிறகு காலையில், மின்சாரத்தைப் போடும் முன் சம்ப் மட்டத்தையும் மோட்டார் கேபிளையும் பாருங்கள். தண்ணீருக்குள் கிடக்கும் கேபிள் இருந்தால் எலக்ட்ரீஷியன் வரும் வரை மெயினைத் தொடாதீர்கள். அப்புறம் வலை வேலியைச் சுற்றி வந்து, கடல் பக்கமாக மணலில் இறங்கி நடந்து பாருங்கள். உங்கள் வளாகத்துப் பைகள் கிடந்தால் பொறுக்கி வந்து, வலை எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று பார்த்து, வலை பின்னத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்து அன்று மாலைக்குள் தைத்துவிடுங்கள்.